ஐந்நூறு வருடத்துக்குள் தொலைந்துபோன 1990

2023 ஜனவரியில் ஒரு வார இடைவெளியில் இரண்டு தொடர்கள் வெளிவந்தன. 19ஆம் தேதி நெட்ஃபிளிக்ஸில் 'தட் நைன்டீஸ் ஷோ'. 26ஆம் தேதி ஜீ5இல் முத்துக்குமார் இயக்கிய 'அயலி'. முன்னது, 1998 முதல் 2006 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் 200 பகுதிகள் ஓடிய 'தட் செவன்டீஸ் ஷோ'வின் அடுத்த தலைமுறைக் கதை. விஸ்கான்சின் மாநிலத்தில் பாயிண்ட் பிளேஸ் என்கிற கற்பனைச் சிற்றூர், 1995இன் கோடை விடுமுறை. பின்னது, புதுக்கோட்டைப் பக்கம் வீரப்பண்ணை என்கிற கற்பனை ஊர், 1990. இரண்டிலும் கடந்துபோன ஒரு பத்தாண்டு, இரண்டிலும் பதின்வயதுப் பிள்ளைகள். அதைச் சிரிப்புத் தொடர் என்கிறார்கள், இதைச் சமூகக் கருத்துள்ள படைப்பு என்கிறார்கள். எனக்கு இந்தப் பிரிவினையில் நம்பிக்கை இல்லை. அயலியை நான் சிரிப்புத் தொடராகவே வாசிக்கிறேன். அது சிரிப்பாக இருக்கும் வரைக்கும்தான் அரசியலாகவும் இருக்கிறது என்பது என் கட்சி.

பதின்வயதுச் சிரிப்புத் தொடர் எதை வைத்து ஓடுகிறது? ஒளித்துவைப்பதை வைத்து. அமெரிக்கப் பிள்ளைகள் வீட்டுக்கு அடியில் இருக்கும் நிலவறையில் கூடிப் புகைக்கிறார்கள். மேலே அப்பா அம்மா. மாட்டிக்கொள்வார்களா, மாட்டார்களா என்பதுதான் மொத்த விளையாட்டும். வீரப்பண்ணைத் தமிழ்ச்செல்வியிடமும் ஒளிக்க ஒன்று இருக்கிறது. புகை இல்லை, தன் உடம்பின் ரத்தம். ஊர்க் கட்டுப்பாட்டின்படி வயதுக்கு வந்த பெண் அயலி அம்மன் கோயிலுக்குள் நுழையக் கூடாது, பள்ளிக்கூடம் போகக் கூடாது, சீக்கிரமே கல்யாணம். டாக்டராக ஆசைப்படும் தமிழ்ச்செல்வி வயதுக்கு வந்ததையே மறைத்துவிடுகிறாள். பிறகு நடப்பதெல்லாம் சுத்தமான கோமாளிக் கூத்து. தெய்வத்துக்கும் பஞ்சாயத்துக்கும் அப்பனுக்கும் ஒரு சின்னப் பெண் டிமிக்கி கொடுக்கிறாள். பெண்ணுடல்மீது ஊர் வைத்திருக்கிற கண்காணிப்பு முழுக்க, அவள் வாய்திறந்து சொன்னால்தான் உண்டு என்கிற கிழிந்த வலை என்பது தெரிந்துபோகிறது. அதிகாரத்தை அம்பலப்படுத்த இதைவிட வேறென்ன வேண்டும்?

அபி நட்சத்திராவின் நடிப்பில் அந்தத் திருட்டுமுழி ரொம்பச் சரியாக வந்திருக்கிறது. அதைவிட முக்கியம் அம்மா குருவம்மாள். அனுமோள் செய்திருக்கிறார். உண்மை தெரிந்து பதறி, அப்புறம் மகளோடு சேர்ந்து மறைக்கத் தொடங்குகிற இடம்தான் தொடரின் உச்சம். கட்டுப்பாட்டை ஊட்டி வளர்க்கிறவளாக நியமிக்கப்பட்ட தாயே கள்ளக்கணக்கு எழுத ஆரம்பிக்கிறாள். வீட்டில் சேர்ந்து பார்த்தபோது எங்கம்மா இந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார். செங்கம் பக்கத்தில் ஒன்பதாவதோடு நிறுத்தப்பட்டவர். எனக்கு அவ்வளவு சிரிப்பு வரவில்லை. அந்தச் சிரிப்புக்குள் என்ன கிடந்தது என்று நான் கேட்கவும் இல்லை.

சரி, குறைக்கு வருவோம். எட்டுப் பகுதிகளில் பின்பாதி போகப்போகக் கூத்து குறைந்து பிரசங்கம் ஏறுகிறது. எல்லோரும் நீளநீளமாகப் பேசுகிறார்கள். பேச்சில் தவறில்லை, ஆனால் அது நமக்கு ஏற்கனவே தெரிந்த பேச்சு. இது எழுத்துக் கோளாறு மட்டுமல்ல. தொடரின் கதையாடல் காலத்தை எப்படி வைத்திருக்கிறது என்பதோடு சம்பந்தப்பட்டது. ஊரை விட்டு ஒருவனோடு போனாள் ஒருத்தி, அம்மன் கோபம், சாபம், அதனால் ஐந்நூறு வருடமாக இந்த வழக்கம் என்று தொடர் சொல்லிவிடுகிறது. அந்த நொடியே 1990 செத்துவிடுகிறது. எதிரி 'பழைமை' ஆகிவிட்டால் பழைமையைப் பார்த்துப் பிரசங்கம்தான் பண்ண முடியும்.

1990இல் தமிழ்நாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பாருங்கள். 1989இலேயே திமுக அரசு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. எட்டாம் வகுப்புவரை படித்திருந்தால் கல்யாணத்துக்கு 5,000 ரூபாய். பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பச் சொன்ன அரசே, படிப்பைக் கல்யாணத்துக்கான தகுதியாகவும் ஆக்கியது. அந்தப் பணம் கல்யாண வீட்டிலிருந்து கல்லூரிக்கு மாற 2022 ஆயிற்று. அதற்குப் பெயர் புதுமைப் பெண் திட்டம். இதைவிடப் பெரிய சங்கதி ஒன்று. இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கான தமிழ்நாட்டுத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு மகளுக்கும் பிறப்பாலேயே உண்டு, அந்தத் தேதிக்கு முன் கல்யாணமானவர்களுக்கு மட்டும் கிடையாது. அதாவது 1990இல் வீரப்பண்ணையில் பாவாடை சட்டையோடு ஓடிக்கொண்டிருந்த ஒவ்வொரு பெண்ணும் சட்டப்படி காணிக்குப் பங்காளி. பதினைந்து வயதில் சீர் செய்து அனுப்பப்படுகிறவள் பிற்பாடு அண்ணன் தம்பி நீட்டும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவாள். படித்தவள் பத்திரத்தைப் படித்துப் பார்ப்பாள். ஊர்ப் பெரிய மனுஷர்களுக்கு அயலியின் சாபத்தைவிட இது பயமாக இருந்திருக்காதா? சாபக் கதையேகூட, வெளியே போய்த் துணை தேடினாள் ஒருத்தி என்றுதானே தொடங்குகிறது? சாதியும் நிலமும் காவல் காக்கும் எல்லை அது. தொடர் அதைத் தொட்டுவிட்டு அம்மன் தலையில் போட்டுவிடுகிறது.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. கதை நடப்பது புதுக்கோட்டைச் சீமை. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியர். எழுத்தறிவோடு சைக்கிளும் சேர்ந்தது. கல்குவாரியில் உடைக்கிறவர்கள், கூலி வேலைக்காரிகள், பள்ளிக்கூடப் பெண்கள் என்று ஆயிரக்கணக்கில் பெடல் மிதித்தார்கள். பெண்கள் சைக்கிள் போதாமல் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். 1992 மகளிர் தினத்தன்று புதுக்கோட்டை நகரத் தெருக்களில் 1,500 பெண்கள் மணியடித்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். தமிழ்ச்செல்வி பத்தாவதை நெருங்குகிற காலம் ஏறக்குறைய இதுதான். தொடருக்கு இந்த மணிச்சத்தம் கேட்கவில்லை. 'புனைவு, அதற்கென்ன கடமை' என்று நண்பர்கள் கேட்கலாம். கடமை ஒன்றுமில்லை. ஆனால் ஒற்றைச் சிறுமி தனியாக நின்று ஐந்நூறு வருடத்தை உடைத்தாள் என்கிற கதைக்கு, பெண்கள் கூட்டமாகத் தெருவுக்கு வந்த வரலாறு இடைஞ்சல். அதனால்தான் வெளியே நிற்கிறது.

இப்படிக் காலத்தைக் கழற்றி எறிந்தால் பார்க்கிறவருக்கு ஒரு வசதி. 'அப்பல்லாம் அப்படி இருந்திச்சு' என்று பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம். எங்கள் திருவண்ணாமலையில் முகூர்த்த மாதங்களில் போளூர் சாலையோ செங்கம் சாலையோ நடந்து பாருங்கள். மஞ்சள் நீராட்டு விழா ஃபிளெக்ஸில் பன்னிரண்டு வயதுப் பெண் நகை போட்டு நிற்கிறாள். கீழே தாய்மாமன்கள், கட்சிக்காரர்கள், சங்கத் தலைவர்கள் வரிசையாக. தமிழ்ச்செல்வியால் மறைக்க முடிந்ததை இவளால் மறைக்க முடியாது, பத்தடிக்கு எட்டடி அச்சடித்தாயிற்று. இதில் வரும் பிள்ளை கல்லூரிக்கும் போவாள், மாதம் ஆயிரம் ரூபாயும் வாங்குவாள். யாரோடு போகிறாள் என்பதை அந்த ஃபிளெக்ஸில் இருக்கும் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தோழர்கள் சிலர் அயலியைப் பள்ளிகளில் திரையிட வேண்டும் என்கிறார்கள். செய்யலாம். முன்பாதியை மட்டும் போட்டு நிறுத்திவிட்டுப் பிள்ளைகளைப் பேசவிடச் சொல்வேன். ஆசிரியர்கள் கொஞ்ச நேரம் வெளியே இருந்தால் நல்லது. வீட்டில் எதையெல்லாம் மறைக்கிறார்கள், அதற்கு யார் யார் உடந்தை என்று அவர்களே சொல்லிச் சிரிப்பார்கள்.