பிழைப்பதிவு லைப்ரரிகள்: எழுத இடமில்லாத சூழலில்

சர்வர்லெஸ் எனப்படும் சேவையகமில்லாச் சூழலில், நிரல் இருக்கும் கோப்புறை பெரும்பாலும் படிக்க மட்டுமே திறந்திருக்கும். அமேசான் 2014இல் அறிமுகப்படுத்திய லாம்டாவில், இயல்பாக எழுத இடம் தருவது டெம்ப் கோப்புறை மட்டுமே. அதன் இயல்பளவு 512 மெகாபைட். நிரல் ஓடும் சூழல் கலைக்கப்பட்டால் அதிலுள்ளவையும் போய்விடும். பிழைகளைப் பதிவுசெய்யும் லைப்ரரிகள் பலவும் வட்டில் எப்போதும் எழுதலாம் என்ற நம்பிக்கையில் அமைந்தவை. அவை இங்கே இரு வகையில் தவறுகின்றன.

முதல் வகை, பதிவு தவறினால் செயலியையே நிறுத்துவது. பைத்தானின் ஃபைல்ஹேண்ட்லர், இயல்பமைப்பில், உருவாக்கப்படும்போதே கோப்பைத் திறக்க முயல்கிறது. முடியாதபோது எழும் பிழையை நிரலர் கையாளாவிட்டால், வேலை தொடங்கும் முன்பே எல்லாம் நின்றுவிடும். கணக்குப்பிள்ளை வராததற்காகக் கடையை மூடுவது போன்றது இது.

இரண்டாம் வகை, தவறை விழுங்கிவிடுவது. பிஎச்பி மொழிக்கான மோனோலாக்கில் வாட்ஃபெய்லியர்குரூப்ஹேண்ட்லர் இதற்கென்றே உள்ளது. செயலி தொடர்ந்து ஓடும். ஆனால் அதில் சேர்த்த வழிகள் எல்லாம் அடைபட்டால் வெற்றுப் பதிவேடுதான் மிஞ்சும். பிழை நேரவில்லையா, நேர்ந்ததை எழுத முடியவில்லையா என்பது தெரியாது. நின்றுபோன செயலியை உடனே கவனிப்பார்கள். வெற்றுப் பதிவேட்டை நலம் என்று எண்ணிவிடுவார்கள். எனவே இதுவே அதிக ஆபத்தானது.

பதிவின்மையும் நிகழ்வின்மையும் வேறு என்பதைப் பழனி மலையிலுள்ள கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் ஆவணம் தெளிவாகக் காட்டும். அங்கே 1904 முதல் சூரியன் படமெடுக்கப்படுகிறது. புள்ளியற்ற சூரியனின் படம் ஒரு தரவு. அன்றைய கணக்கு பூச்சியம். மேகம் மூடிப் படமே எடுக்காத நாள் பூச்சியம் அன்று, இடைவெளி. இரண்டையும் கலப்பதன் விளைவுக்கு ஹோய்ட்டும் ஷாட்டனும் 1998இல் வெளியிட்ட சூரியப்புள்ளித் தொகுப்பு சான்று. நெடுங்காலம் புள்ளி தென்படவில்லை என்ற 17ஆம் நூற்றாண்டுப் பொதுக் குறிப்புகள் அதில் நாள்தோறும் பூச்சியங்களாக நிரப்பப்பட்டன. பின்வந்த ஆய்வாளர்கள் அதைத் திருத்த வேண்டியதாயிற்று.

மாற்றுவழியைத் தேர்வதிலும் கவனம் தேவை. லாரவெல் சட்டகத்தின் அவசரப் பதிவுகூட, இயல்பமைப்பில், வழக்கமான பதிவு செல்லும் அதே ஸ்டோரேஜ் கோப்புறைக்கே செல்கிறது. அந்தக் கோப்புறையே பூட்டியிருந்தால் இது மாற்றாகாது. ஸ்டாண்டர்டு எரர் வழியே எழுதுவது பொருத்தமானது. உரிய அனுமதி இருந்தால் லாம்டா அதைக் கிளவுட்வாட்ச் சேவைக்கு அனுப்பும். கோப்பில் எழுத முடியவில்லை என்ற செய்தியும் ஒருமுறையேனும் அங்கே பதிவாக வேண்டும். செயலியை நிறுத்தாமலும் இழப்பை மறைக்காமலும் இருக்கும் லைப்ரரியே இச்சூழலுக்கு ஏற்றது.