பார்த்தலும் படித்தலும்

பாட்டுக்கு உரை வேண்டும். ஆயினும் உரை பாட்டாகிவிடாது. தமிழாசிரியர் யாவரும் அறிந்த இவ்வுண்மையை நான் ஒரு கலைக்கூடத்தில் மறந்தேன். மாணவி ஒருத்தி நினைவூட்டினாள்.

அண்மையில் எங்கள் தோட்டப் பள்ளி மாணவர் 22 பேரையும் ஆசிரியர் மூவரையும் அழைத்துக்கொண்டு கோலாலம்பூர்த் தேசியக் கலைக்கூடத்திற்குச் சென்றிருந்தேன். 1958இல் துங்கு அப்துல் ரஹ்மான் திறந்துவைத்த நிறுவனம் அது. ஓவியங்களைக் கண்டு பிள்ளைகள் மகிழ்ந்தனர். இக்காலக் கலைப் பகுதியில்தான் இடர்ப்பாடு எழுந்தது. பழைய மரத்துண்டுகளும் கயிறுமாகத் தரையில் பரப்பப்பட்டிருந்த படைப்பொன்றின் முன் அனைவரும் திகைத்து நின்றனர். "இதையுமா கலை என்கிறார்கள்?" என்றார் உடன் வந்த ஆசிரியர். நானோ உடனே சுவரில் இருந்த விளக்க அட்டையை நாடி, மலாய் வாசகத்தைத் தமிழாக்கி உரக்கப் படித்தேன். பிள்ளைகள் என் வாயைப் பார்த்தனர், பொருளைப் பார்க்கவில்லை. அப்போது ஆறாம் ஆண்டு மாணவி, "ஐயா, முதல்ல பார்க்கணுமா, படிக்கணுமா?" என்று கேட்டாள். எனக்கு விடை எழவில்லை.

இவ்வினாவைத் தீர ஆராய, நம் நாட்டுக் கலை வரலாற்றிலேயே தக்க சான்று ஒன்று உண்டு. 1974இல் ரெட்ஸா பியதாசா, சுலைமான் ஈசா என்னும் கலைஞர் இருவர் தலைநகரில், டேவான் பஹாசா டான் புஸ்தாகாவில் ஒரு கண்காட்சி நடத்தினர். அங்கே தீட்டிய ஓவியமில்லை, செதுக்கிய சிலையில்லை. வெறும் பறவைக் கூண்டு. பலர் அமர்ந்தெழுந்த நாற்காலி. எரிந்து தீர்ந்த கொசுவத்திச் சுருள். கிள்ளான் குப்பை மேட்டில் கண்டெடுத்த மழையங்கி. இவை போன்றவையே காட்சிப் பொருள்கள். நான் அவற்றைப் படங்களாகவே கண்டிருக்கிறேன்.

கூண்டைக் கூண்டாகவே பார்த்தால் அதில் ஒன்றுமில்லை. ஆனால் அதன் தலைப்போ, 1974 ஜூன் 10, திங்கட்கிழமை, பிற்பகல் 2.46க்குப் பறவை விடுவிக்கப்பட்டதைக் கூறுகிறது. அதை அறிந்ததும் நாம் காண்பது கூண்டையன்று, பறந்துபோன பறவையை. பொருளை வடிவமாகக் காணாமல், காலத்தில் நிகழும் நிகழ்ச்சியாகக் காண வேண்டும் என்பதே அவ்விருவர் கொள்கை. ஆகவே அங்குத் தலைப்பு உரையன்று. மூலத்தின் ஓர் உறுப்பே ஆகும்.

மழையங்கி இன்னும் ஆழமானது. அது யாரோ ஒருவருக்கு உரியதாக இருந்திருக்க வேண்டும் என்றே தலைப்பு சொல்லி நிறுத்துகிறது. யாருக்கு என்று சொல்லவில்லை. தோட்டத்தில் வளர்ந்த எனக்கு, மழை விட்டபின் லயத்து வாசற்கம்பியில் தொங்கிய அங்கிகள் நினைவுக்கு வந்தன. அந்த நினைவு எந்த அட்டையிலும் எழுதப்பட்டதன்று.

ஆயினும் குறை ஒன்று கூறாமல் இருக்கவியலாது. அக்கலைஞர்கள் கண்காட்சியோடு நீண்ட கொள்கை விளக்கம் ஒன்றையும் வெளியிட்டனர். கிழக்கு எது, மேற்கு எது என வழக்காடும் அவ்விளக்கம் அறிவுக்கு விருந்துதான். ஆனால் மழையங்கி நம்மைச் சிந்திக்க விடுகிறது. விளக்கமோ நமக்காகத் தானே சிந்தித்து முடிக்கிறது. தம் படைப்பை அவர்கள் இன்னும் சற்று நம்பியிருக்கலாம்.

இதே குற்றம் நம் வகுப்பறையிலும் உண்டு. செய்யுள் மொழியணிப் பாடத்தில் குறளையும் பொருளையும் ஒரே மூச்சில் மனனம் செய்விக்கிறோம். குறளோடு பிள்ளை தனித்திருக்க ஒரு நிமிடம் தருவதில்லை. அதன் விளைவாக, பொருளுரை எழுதப்படாத எதுவும் தனக்குரியதன்று என்று அவன் கருதிவிடுகிறான். "இதுவுமா கலை?" என்று கேட்டு அப்பால் நகர்வதும், அட்டையைப் படித்து நகர்வதும் ஒன்றே. இரண்டிலும் கண் தொழிற்படவில்லை.

மறுநாள் அம்மாணவியிடம், "முதலில் பார், கண்டதை உன் சொல்லில் கூறு, பிறகு படி, படித்தபின் மறுபடியும் பார்," என்றேன். "நேத்தே சொல்லியிருந்தா இன்னும் கொஞ்சம் பார்த்திருப்பேன் ஐயா," என்றாள். அடுத்த முறை கலைக்கூடம் செல்லும் ஆசிரிய நண்பர்கள் அதை முன்னாளே சொல்லி அழைத்துச் செல்வார்களாக.