சரக்கும் இதயமும்

கோட்டைப்பட்டினத்தில் நண்பர் வீட்டு டி.வி.யில் 'விக்ரம்' (2022) மறுபடி பார்த்தேன். கன்டெய்னரில் போதைச் சரக்கு, இதயக் கோளாறுள்ள பச்சைக் குழந்தை. இரண்டுக்கும் முடிச்சுப் போட லோகேஷ் கனகராஜுக்கு நேரமில்லை, துப்பாக்கிகள் நிறைய.

நிஜத்தில் முடிச்சு உண்டு. கோக்கைன், மெத் வகையறா ரத்தக் குழாயைச் சுருக்கும், நாளடைவில் இதயத் தசையைத் தளர்த்தும். கர்ப்பத்திலோ ரத்தம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. மூச்சு வாங்கும், கால் வீங்கும். 'மாசமா இருந்தா அப்படித்தான்' என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள்.

''அந்தப் பொண்ணு டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லுமா?'' என்றார் நண்பரின் மனைவி.

சொல்லாது. போலீஸ் பயம், மாமியார் பயம். ஒரு ஈ.ஸி.ஜி., ஒரு எக்கோ போதும், சந்தேகம் தெளிய. வலியில்லை, வயிற்றுப் பிள்ளைக்கும் கெடுதலில்லை. திட்டாமல் விசாரிக்கிற டாக்டர் வேண்டும், அவ்வளவுதான். அந்தக் காட்சியை யாராவது எடுங்களேன்!