தானவனைத் தேடி

1894-இல் தமிழில் ஒரு துப்பறிவாளர் நடமாடினார். பெயர் தானவன், உத்தியோகம் போலீஸ். ச. ம. நடேச சாஸ்திரி எழுதிய ‘தானவன் என்ற போலீஸ் நிபுணன் கண்டுபிடித்த அற்புதக் குற்றங்கள்’ வெளிவந்தபோது, லண்டனில் ஷெர்லக் ஹோம்ஸ் சிறுகதைகள் பத்திரிகையில் வரத் தொடங்கி மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. இன்று துப்பறியும் கதை என்றால் ஆரணி குப்புசாமி முதலியாரிடமும் வடுவூர் துரைசாமி ஐயங்காரிடமும் போய் நின்றுவிடுகிறோம். அவர்களுக்கு முந்திய தானவனைக் கேள்விப்பட்டவர்களே குறைவு.

இதற்கு நம் இலக்கிய வரலாறு ‘முதல் நாவல் எது?’ என்ற வழக்கிலேயே காலத்தைக் கழித்ததும் ஒரு காரணம். 1879-இன் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ முதலா, 1875-இல் செய்யுளில் வந்த ‘ஆதியூர் அவதானி சரிதம்’ முதலா என்று வாதாடினோம். அந்தக் காலத்து ஜனங்கள் காசு கொடுத்து வாங்கியது என்ன என்று விசாரிக்க மறந்தோம். மதனகாமராஜன், நல்லதங்காள், தேசிங்குராஜன் என்று பெரிய எழுத்தில், மலிவுத் தாளில் வந்த கதைகளை ஒருவர் உரக்க வாசிக்க, எழுத்தறியாதவர்கள் சுற்றியிருந்து கேட்டார்கள். சென்னையின் குஜிலிச் சந்தைக் கடைகளில் கொலைகளைப் பாட்டாகச் சொல்லும் கொலைச் சிந்துகள் விற்றன. வாசித்து வாசித்தே கிழிந்துபோன புத்தகங்கள் இவை. யாரும் பைண்டு செய்து அலமாரியில் வைக்கவில்லை.

அலமாரியில் ஏறிய நாவலிலும் இந்தக் கதைகளின் சாயல் உண்டு. கம்பம் பள்ளத்தாக்கின் பொட்டிப்புரத்திலிருந்து தேனி, பெரியகுளம், தேவதானப்பட்டி தாண்டிப் போனால் வத்தலக்குண்டு. பி. ஆர். ராஜமய்யரின் ஊர். அவருடைய ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’ மாத இதழில் தொடராக வந்தது. தொடராக வந்தபோது கதைக்கு ‘ஆபத்துக்கிடமான அபவாதம்’ என்று இன்னொரு தலைப்பும் உண்டு. அடுத்த மாதத்து இதழுக்காக வாசகரை ஏங்கவைக்கும் தலைப்பு அது. பேயாண்டித் தேவன் என்ற திருடன், ஜல்லிக்கட்டு, ஊர்வம்பு எல்லாம் கதையில் இருக்கின்றன. வேதாந்த நாவல் என்று பிற்காலம் அதை உயரத்தில் ஏற்றிவைத்தது. ஆனால் ஜனரஞ்சகக் கதையின் சதையும் ரத்தமும் அதில் ஓடுவதைப் பார்க்காமல் படிப்பது பாதிப் படிப்புதான். ராஜமய்யர் 1898-இல் இருபத்தாறு வயதில் இறந்தார். மறுபதிப்புகள் அவர் நாவலைக் காப்பாற்றின.

‘மோகனாங்கி’க்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. திருகோணமலைக்காரரான தி. த. சரவணமுத்துப்பிள்ளை சென்னையில் சுவடி நூலகத்தில் பணியாற்றியபடி எழுதி 1895-இல் வெளியிட்ட நாவல் அது. மதுரைச் சொக்கநாத நாயக்கரின் காதலைச் சொல்லும் அதுவே தமிழின் முதல் சரித்திர நாவலாகக் கருதப்படுகிறது. 1919-இல் ‘சொக்கநாத நாயக்கர்’ என்று சுருக்கப்பட்டது. முழு நூல் பல பத்தாண்டுகள் கைக்கு எட்டாமல் கிடந்தது.

தேடுகிறவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. 1867-ஆம் ஆண்டின் அச்சகப் பதிவுச் சட்டம் வந்தபின், அரசாங்கம் மூன்று மாதத்துக்கொருமுறை நூற்பட்டியல் வெளியிட்டது. தலைப்பு, ஆசிரியர், விலை, அச்சிட்ட பிரதிகள் எல்லாம் அதில் பதிவாகின. காவல் காக்கப் போட்ட சட்டம் இன்று ஆய்வாளர்களுக்குப் புதையல். விளம்பரப் பலகை எழுதிய கோட்டையூர் ரோஜா முத்தையா, புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று எல்லாவற்றையும் சேர்த்தார். 1994-இல் சென்னையில் உருவான ஆராய்ச்சி நூலகத்துக்கு அதுவே அடித்தளம். குஜிலிப் பாட்டுகளை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ நூலில் ஆய்வுக்குரிய பொருளாக்கினார்.

இனி நூலகத்துக்கு வெளியே தேட வேண்டும். தேவாரம், கோம்பை, பொட்டிப்புரம் பக்கம் பழைய வீடு இடிக்கும்போது பரணிலிருந்து இறங்கும் தாள்கட்டை எடைக்குப் போடுமுன் ஒருமுறை பிரித்துப் பார்க்கலாம். முதல் பக்கம் போயிருந்தாலும் பின்னட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதிப்பாளர் தம்முடைய மற்றக் கதைப் புத்தகங்களின் பெயரையும் அணா விலையையும் விளம்பரம் செய்வது பெரும்பாலும் அங்கேதான்.