அறத்தொடு நிற்றலும் கூறப்படாத துன்பமும்: 'அன்னயும் ரசூலும்' திரைப்படத்தை முன்வைத்து

முன்னுரை

காதலிக்கும் இளையோர் தம் உறவில் நேரும் வன்முறையை எவ்வாறு உணர்கின்றனர், யாரிடம் கூறுகின்றனர் என்னும் வினாக்கள் சமூகவியலுக்கு உரியனவாகவே கருதப்படுகின்றன. ஆயின் காதலைக் காட்டும் கலைப் படைப்புகளுக்கும் அவ்வுணர்வை உருவாக்குவதில் பங்குண்டு. ராஜீவ் ரவி இயக்கிய 'அன்னயும் ரசூலும்' (2013) என்னும் மலையாளத் திரைப்படமும் கலித்தொகையின் 51ஆம் பாடலும் இந்நோக்கில் இங்கு ஒப்பிடப்படுகின்றன.

மௌனத்தின் பொருள்

ரசூல் கொச்சி மட்டாஞ்சேரியைச் சேர்ந்த இசுலாமிய வாடகைக் கார் ஓட்டுநன். அன்னா வைப்பின் தீவின் கிறித்தவக் குடும்பத்தவள். எறணாகுளத்துத் துணிக்கடையில் பணிபுரிபவள். அவள் செல்லும் படகிலும் ரசூல் பின்தொடர்கிறான். அவளது மௌனம் முதலில் நாணமாகவும் பின்னர் இசைவாகவும் பொருள் பெறுகிறது. கதை கூறும் குரலும் ஆஷ்லி என்னும் ஆடவனுடையதே. ரசூலின் மென்மையும் பின்னர் மலரும் இருபாற் காதலும் மறுக்கற்பாலன அல்ல. எனினும் தொடக்கத்தில் அன்னா அஞ்சினாளா என்பதை அறியப் படம் வழிவிடவில்லை. காதல் வெளிப்பட்டபின் குடும்பம் வேறொருவனுக்கு அவளை மணமுடிக்க முனைகிறது. வீட்டில் கூறுதல் உரிமையிழப்பில் முடியும் சூழலில் மௌனமே அவளுக்கு எஞ்சுகிறது.

அதே 2013ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத் திருத்தம் பெண்ணைப் பின்தொடர்தலைக் குற்றமாக்கியது; 2024 முதல் அது பாரதிய நியாய சம்ஹிதாவின் 78ஆம் பிரிவாக உள்ளது. பெண் தன் விருப்பமின்மையைத் தெளிவாக உணர்த்தியிருத்தல் வேண்டும் என்கிறது அச்சட்டம். அன்னாவின் மௌனம் அவ்வரையறைக்கு வெளியே நிற்கிறது.

அலறலும் மறைப்பும்

மௌனத்திற்கு மாறாகத் தலைவி வாய்விட்டு அலறும் காட்சி கபிலரின் குறிஞ்சிக்கலியில் உண்டு. சிறுவயதில் மணல்வீட்டைக் காலால் சிதைத்தவன், பின்னொரு நாள் உண்ணுநீர் கேட்டு வந்து அவள் முன்கையைப் பற்றுகிறான். அவள் அலறுகிறாள், தாய் ஓடி வந்ததும் நீர் விக்கினான் என மறைக்கிறாள். இப்பாடல் தலைவியின் மதிநுட்பத்திற்காகவே பெரிதும் போற்றப்படுகிறது. அம்மறைப்பில் அன்பு உண்டு என்பது உண்மை. அதற்கு முந்தைய அலறலும் உண்மையே. ஒரே நிகழ்ச்சி தாய்க்குப் பொய்யாகவும் தோழிக்கு இனிய நினைவாகவும் உருமாறுகிறது. முதலில் எழுந்த அச்சத்திற்குக் கேட்போர் இல்லை.

இதற்கான காரணத்தை அகமரபிலேயே காணலாம். தொல்காப்பியம் அறத்தொடு நிற்றலை எழுவகையாக வகுக்கிறது. தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தை தன்னையர்க்கும் உரைப்பதாக அம்மரபு அமைகிறது. அதன் நோக்கம் களவைக் கற்பாக்குதல். தலைவனால் நேர்ந்த துன்பத்தை முறையிடுதற்கு அவ்வேழனுள் ஒரு வகையும் இல்லை. உரைத்தால் மணம், மறைத்தால் களவு என்னும் இரண்டே வழிகள் அங்குள்ளன.

முடிவுரை

இளையோர் வன்முறையை அறியாதவர் என்னும் கருத்தைக் கலித்தொகைத் தலைவியின் அலறல் மறுக்கிறது. உணர்தல் உடனே நிகழ்கிறது, கூறுதலே தடைப்படுகிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் ஒரே இல்லத்தில் வாழ்ந்த உறவையே கருதுவதால், தத்தம் வீடுகளில் வாழும் காதலர்க்கு அது துணையாவதில்லை. காதலையும் உரிமையையும் இழக்காமல் துன்பத்தைக் கூறுதற்குரிய இடம் இலக்கியத்திலும் சட்டத்திலும் இன்னும் வெற்றிடமாகவே உள்ளது. அகப்பாடல்களைக் கற்பிப்போர் தலைவியின் மதிநுட்பத்தோடு அவளது அலறலையும் மாணவர்க்குக் காட்டுதல் அவ்வெற்றிடத்தை நிரப்பும் முதற்பணியாகும்.