ஏதென்ஸ் வனத்தில் ஆட்ட நாயகன் யார்?

ஷேக்ஸ்பியர் மகாகவி 1595, 1596ஆம் ஆண்டுகளை ஒட்டி எழுதியதும், 1600இல் முதன்முறை அச்சேறியதுமான ‘நடுவேனில் இரவுக் கனவு’ என்னும் ஹாஸ்ய நாடகத்தில், ஏதென்ஸ் நகரை அடுத்த ஒரு வனத்தில், ஒரே இரவில், மூன்று அணிகள் களம் இறங்குகின்றன. தந்தையின் ஆணைக்கு அஞ்சி ஓடிவந்த காதலர் இருவரும் அவர்களைத் துரத்தி வந்த இருவருமாக நான்கு இளைஞர் ஓர் அணி. ஒரு சிறுவனைத் தம் பரிவாரத்தில் வைத்துக்கொள்வது யார் என்று பிணங்கி நிற்கும் ஓபெரான் என்ற அரசனும் டைட்டானியா என்ற அரசியும் தலைமை தாங்கும் வனதேவதைகள் இரண்டாம் அணி. மன்னனின் திருமணத்தன்று நாடகம் ஆடிச் சன்மானம் பெறலாம் என்று நிலா வெளிச்சத்தில் ஒத்திகைக்கு வந்து கூடிய தச்சர், நெசவாளி, தையற்காரர் முதலிய ஆறு தொழிலாளர் மூன்றாம் அணி. வெற்றி காதலர்க்கே என்பார் உண்டு; ஓபெரானின் ஏவலாளாகிய பக் என்னும் குறும்பனுக்கே என்பார் அதனினும் பலர். இவ்விரு தீர்ப்புகளும் ஆட்டத்தை மேலோட்டமாகப் பார்த்தவர் தீர்ப்புகள் என்பதே நம் அபிப்பிராயம்.

முதலில் பக்கின் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். உறங்குவோர் இமைமீது பிழிந்துவிட்டால், விழித்ததும் முதலில் கண்ணில் படும் எந்தப் பிராணியின்மீதும் மோகம் கொள்ளச் செய்யும் ஒரு மலரின் சாறு அவன் கையில் இருக்கிறது. தன்னை நாடிவரும் ஹெலனாவை வெறுத்து ஒதுக்கும் டெமிட்ரியஸின் கண்களில் அதைப் பிழியுமாறு ஓபெரான் கட்டளையிடுகிறான். ஆனால் ஆளைக் கண்டுகொள்ள அவன் சொல்லும் அடையாளமோ, அந்த வாலிபன் ஏதென்ஸ் நாட்டு உடை அணிந்திருப்பான் என்பது ஒன்றே. அவ்வனத்தில் அதே உடையில் லைசாண்டரும் உறங்குகிறான். சாறு அவன் கண்ணில் விழுகிறது. ஹெர்மியாவுக்காக ஊரையே துறந்து வந்தவன், விழித்ததும் ஹெலனாவின் பின்னே ஓடுகிறான். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்சாலைச் சாலையில் ஷிப்ட் மாறும் வேளையில் நின்று பார்த்தவர்களுக்கு இப்பிழையின் சுபாவம் உடனே விளங்கும்: ஒரே நிற யூனிஃபார்மில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நூறு பேரில், ‘யூனிஃபார்ம் போட்டவனை அழைத்து வா’ என்று மேற்பார்வையாளர் சொல்லி அனுப்பினால், தவறான ஆளோடு திரும்பும் பையனைக் குற்றம் சொல்ல முடியுமா? குற்றம் ஏவியவனுடையது. ஆகவே, பக்கின் குறும்பு என்று நாம் நானூறு ஆண்டுகளாகச் சிரித்து மகிழ்வதில் செம்பாதி, உண்மையில் ஓபெரானின் அரைகுறைக் கட்டளையால் விளைந்தது.

அது மட்டுமன்று. விடியுமுன் ஓபெரான் தன் தவறுகளைத் திருத்தப் புகும்போது, லைசாண்டரின் கண்ணிலிருந்தும் டைட்டானியாவின் கண்ணிலிருந்தும் மாற்று மருந்தினால் மயக்கம் நீக்கப்படுகிறது. டெமிட்ரியஸுக்கு மட்டும் அந்த மருந்து தரப்படுவதே இல்லை. ஹெலனாவின் கல்யாணம், மருந்தின் வேகம் தணியாத மணமகனோடு நடந்தேறுகிறது. காதலர் அணியின் வெற்றி என்று கொண்டாடப்படுவதில் பாதி இவ்வாறு இரவல் வெற்றியாக இருப்பதால், அவ்வணிக்கு முழுப் புள்ளி வழங்க நமக்கு மனம் ஒப்பவில்லை.

நம் மேடையிலும் வனம் உண்டு, மாயம் உண்டு, காதலும் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் முருகப் பெருமான் வேடனாகவும் கிழவனாகவும் உருமாறி வந்து, கடைசியில் அண்ணன் விநாயகரை யானையாக வரவழைத்து வள்ளியை அச்சுறுத்தித் தம் பக்கம் சேர்த்துக்கொள்கிறார். ஆயினும் அங்கே மாயம் ஒருமுறையும் குறி தவறுவதில்லை. அண்ணனும் தம்பியும் பேசிவைத்தபடியே காரியம் முடிகிறது. ஷேக்ஸ்பியரின் ஹாஸ்யமோ குறி தவறுவதிலேதான் பிறக்கிறது. ஆதலால் அதை ஆடுவோர்க்குச் சொல்வன்மையினும் உடல்வன்மை அதிகம் வேண்டும். நால்வரும் ஒருவரையொருவர் துரத்தியும் பற்றியும் உதறியும் சண்டையிடும் மூன்றாம் அங்கத்தின் நீண்ட காட்சியில், ஒரு நடிகர் அரை அடி தாமதித்தாலும் சிரிப்பு செத்துவிடும்.

இதை நன்குணர்ந்த பீட்டர் புரூக், 1970இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனிக்காக இந்நாடகத்தை இயக்கியபோது, மரம் செடி கொடி யாவற்றையும் நீக்கி, வெள்ளைச் சுவர் அறை ஒன்றில் ஊஞ்சல் கழைகளில் நடிகரை ஆடவிட்டு, மாய மலருக்குப் பதில் கழிமுனையில் சுழலும் தட்டு ஒன்றை ஓபெரானும் பக்கும் கைமாற்றிக்கொள்ளச் செய்தார். 2006இல் பிரிட்டிஷ் கவுன்சிலின் ஆதரவில் டிம் சப்பிள் இயக்கி, சென்னை உள்ளிட்ட இந்திய நகரங்களில் ஆடிய பின்னர் ஷேக்ஸ்பியரின் சொந்த ஊராகிய ஸ்ட்ராட்போர்டுக்குச் சென்ற தயாரிப்பு, இவ்வழியில் இன்னும் தூரம் நடந்தது. இந்திய, இலங்கை நடிகர்கள் தமிழ், மலையாளம், ஹிந்தி, வங்காளி, மராத்தி, சிங்களம், ஆங்கிலம் என்று அவரவர் பாஷையிலேயே பேசினார்கள். பின்திரையாக விரித்திருந்த காகிதத்தைக் கிழித்துக்கொண்டு வனதேவதைகள் பிரவேசித்தார்கள். தொங்கும் சிவப்புத் துணியில் அர்ச்சனா ராமசாமியின் டைட்டானியா உறங்கினாள். காதலர்களின் கால்களுக்கிடையே நாடாவை இழுத்துக் கட்டி, அஜய் குமாரின் பக் அவர்களைச் சிக்கவைத்தான். ஒருவன் ஒரு பாஷையில் கெஞ்ச, மற்றவள் வேறொரு பாஷையில் ஏச, அர்த்தம் அங்கத்தின் அசைவிலேயே வெளிப்பட்டாக வேண்டிய அந்த ஏற்பாட்டில், மொழியறியாமை ஒரு தடையாக இராமல் ஆட்டத்தின் வேகத்துக்கே காரணமாயிற்று.

இனி, மூன்றாம் அணி. ஒத்திகையின் நடுவே நெசவாளி பாட்டத்தின் தோள்மேல் பக் கழுதைத் தலையை ஏற்றிவிட, சகாக்கள் அலறி ஓடுகிறார்கள். பாட்டமோ ஓடவில்லை, பயமில்லை என்று காட்டிக்கொள்ளப் பாடுகிறான். மயங்கிய டைட்டானியா எழுந்து வந்து காதல் மொழியும்போதும் அவன் நிலை குலைவதில்லை. அவள் பணிக்கு விட்ட சிறு தேவதைகளைப் பெயர் கேட்டு, மரியாதையோடு விசாரித்து, உறவு கொண்டாடுகிறான். நாடகம் முழுவதிலும் தேவதைகளை நேருக்கு நேர் காணும் மனிதப் பிறவி இவன் ஒருவனே. காதலர் நால்வரும் மாயத்துக்கு இலக்காகிறார்கள், ஆனால் அதைச் செய்தவர் யாரென்று அறியாமலே ஊர் திரும்புகிறார்கள். மன்னன் தீசியஸ் அவர்கள் கதையைக் கற்பனை என்று தள்ளிவிடுகிறான். தறியில் உட்கார்ந்து நெய்யும் தொழிலாளி மட்டுமே அரசியின் அணைப்பில் உறங்கி எழுகிறான்.

நெசவாளி நடிகனாவது காஞ்சி மண்டலத்தாருக்கு அதிசயமான செய்தி அன்று. பகலில் உழவும் நெசவும் செய்தவர் இரவில் கிரீடமும் புஜகீர்த்தியும் தரித்து விடியுமட்டும் ஆடும் கூத்து மரபு, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கு அருகே இன்றும் உயிரோடிருக்கிறது; 1990இல் தோன்றி, காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் நிலைகொண்ட கட்டைக்கூத்து சங்கம் அதற்குச் சான்று. கதையை நடத்துவதும் அதைக் கேலி செய்வதுமாகிய இரு வேலைகளையும் ஒருங்கே செய்யும் கட்டியக்காரனிடம், பக்கின் துடுக்கும் பாட்டத்தின் வெள்ளை மனமும் கலந்திருக்கக் காணலாம். அர்ஜுனன் தபசு நடக்கும் விடியற்காலையில், வேடம் புனைந்த நடிகர் பாடிக்கொண்டே உயர்ந்த தபசு மரத்தின் உச்சிவரை ஏறுவதைக் கண்டவர்கள், புரூக்கின் ஊஞ்சல் கழைகளைக் கண்டு வாய் பிளக்க மாட்டார்கள்.

ஐந்தாம் அங்கத்தில் அத்தொழிலாளர் அரண்மனையில் ஆடும்போது, சுவராக ஒருவன் நிற்பதும், சிங்க வேடதாரி சீமாட்டிகள் பயந்துவிடக்கூடாதென்று தான் சிங்கமல்ல என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதும் குறைகளே. ரசிகரின் கற்பனாசக்தியை நம்பாத குறை அது. எனினும், பிரபுக்கள் இடைமறித்துப் பரிகசிக்கும்போது பாட்டம் வேடத்திலிருந்தபடியே அவர்களுக்கு விளக்கம் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடர்கிறானே, அந்த நிதானம் அன்றிரவு வேறு எந்த அணியிடமும் இல்லை. ஆட்ட நாயகன் விருதை நாம் சந்தேகமின்றி அவனுக்கே அளிக்கிறோம்.

இத்தீர்ப்பிலிருந்து ஒரு யோசனையும் பிறக்கிறது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் மாநில அரசின் சிப்காட் நிறுவனத்தால் கட்டப்பட்டு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதி ஒன்றிலேயே 18,720 பேர் தங்க இடமுண்டு. சுற்றுவட்டாரத்து வாடகை அறைகளிலோ சப்பிளின் மேடையில் ஒலித்த ஹிந்தியும் வங்காளியும் தமிழோடு அன்றாடம் கலந்து ஒலிக்கின்றன. தொழிலாளர் ஒத்திகை பார்க்கும் நாடகத்தை, பல பாஷைத் தொழிலாளரே ஆடிப் பார்க்க இதனினும் தகுந்த களம் தேடினாலும் அகப்படாது. கிரிக்கெட் போட்டிக்குக் கோப்பையும் பரிசும் தரும் நிர்வாகங்கள், ஒத்திகைக்கு ஒரு கூடத்தையும், இரவு ஷிப்ட் இல்லாத வாரத்தில் சில மாலைகளையும், வழிகாட்ட ஒரு கூத்து வாத்தியாரையும் தந்தால் போதும். பாட்டமாக நடிக்க ஆள் கிடைக்குமா என்ற கவலை வேண்டியதில்லை, அந்த வேஷம் தனக்கே வேண்டுமென்று சண்டைதான் வரும்.