வெள்ளை அறிக்கையும் வீட்டுக் கணக்கும்

தமிழ்நாட்டு அரசின் நிதிநிலை குறித்து, அந்நாள் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் 2021 ஆகஸ்ட் 9ஆம் நாள் வெளியிட்ட வெள்ளை அறிக்கை பொருளியல் மாணவர் ஊன்றிக் கற்றற்குரிய ஆவணமாகும். ஆட்சி மாறி மூன்று திங்களில் வந்தமையின், முன்னவரைச் சாடும் நோக்கம் அதன்கண் உண்டென்பது வெளிப்படை. அதனாலேயே அது பயனற்றதாகிவிடாது.

மக்கள் மனத்திற் பதிந்தது ஓர் எண்ணே. 2022 மார்ச் இறுதிக்கென மதிப்பிடப்பட்ட 5.70 இலட்சங் கோடி ரூபா கடனைக் குடும்பத் தொகையாற் பிரித்து, குடும்பமொன்றுக்கு 2,63,976 ரூபா கடன் உளதென அறிக்கை கூறிற்று. இக்கணக்கு அச்சந் தருமேயன்றி அறிவு தராது. குடும்பத் தலைவன் முதுமையடைவான். அவன் உழைப்பு ஒருநாள் நின்றுவிடும். அரசோ வரி விதிக்கும் உரிமையோடு தலைமுறை கடந்து நிற்பது. அதன் கடனை மாநிலத்தின் ஆண்டு உற்பத்தியோடு ஒப்பிடுதலே முறை. 2025-26ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம், 2026 மார்ச் இறுதிக் கடனை ஏறத்தாழ 9.30 இலட்சங் கோடியென மதிப்பிட்டது. குடும்பக் கோலால் அளப்பின், அறிக்கை தந்தோரே முன்னவரினுங் கடுங் குற்றத்துக்கு ஆளாவர். யாம் அதனைக் கோலின் குறையென்றே கொள்கின்றோம்.

அறிக்கையின் வலிமை வேறிடத்துளது. கடன்பட்டு அணை கட்டுதல் ஒன்று. கடன்பட்டுச் சம்பளமும் ஓய்வூதியமும் வட்டியுங் கொடுத்தல் பிறிதொன்று. அறிக்கையின்படி 2020-21இல் நிதிப் பற்றாக்குறை 92,305 கோடி. அதனுள் வருவாய்ப் பற்றாக்குறை மட்டும் 61,320 கோடி. கடனில் ஏறத்தாழ மூன்றிலிரு கூறு அன்றாடச் செலவிற் கரைந்ததென்பது இதன் பொருள். அது கொள்ளைநோய் ஆண்டெனச் சமாதானங் கூறலாம். ஆயின் 2013-14 முதல் இப்பற்றாக்குறை இடையறாது நின்றதற்கு நோய் காரணமன்று. அதனை ஒழிக்கவென 2003இற் சட்டமே இயற்றிய மாநிலம் இது!

செலவுப் பெருக்கமொன்றையே பழிப்போர்க்கும் அறிக்கையில் விடையுண்டு. மாநில உற்பத்தி வளர்ந்த அளவுக்கு வரவு வளரவில்லை. மின்கட்டணம் முதலியன காலத்துக்கேற்பத் திருத்தப்படவில்லை. 1982இல் விரிவடைந்த சத்துணவுத் திட்டத்தை வீண்செலவென யாரே கூறுவர்? இடர் விளைவது, செலவு நிலைத்து அதற்குரிய வரவு நிலையாதபோது.

பின்னர் 2022 செப்டெம்பரில் மின்கட்டணம் உயர்ந்தது. அவ்வாண்டு வரை வருவாய்ப் பற்றாக்குறையுங் குறைந்தது. 2023 மார்ச்சில் அதே அமைச்சர், குடும்பத் தலைவியர்க்கு மாதம் 1,000 ரூபா வழங்க 7,000 கோடி ஒதுக்கினார். 2023-24இற் பற்றாக்குறை மீண்டும் ஏறிற்று. உதவியை யாம் குறைகூறோம். ஆண்டுதோறும் அதனைத் தாங்கவல்ல புது வரவு யாதென, உதவியை அறிவித்த அதே ஏட்டில் எழுதியிருத்தல் வேண்டும். வெள்ளை அறிக்கை தந்த கையிடத்து அதனை எதிர்பார்த்தல் மிகையன்று.